பகையின் உயிர்நிலை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து நம் அன்பர் சிலர் அண்மைத் திங்கள்களில் எழுதிவரும் மடல்களில் ஒரே வினா திரும்பத் திரும்ப வருகின்றது. வடநாட்டிலிருந்து தொடர்வண்டிகளில் வந்திறங்கும் கூலியாளர்க்கு எதிராக நாம் ஏன் இன்னும் கிளர்ச்சி தொடங்கவில்லை என்பது அவ்வினா. வேறு சிலர், நிலையப் பலகைகளிலுள்ள இந்தியெழுத்தின்மேல் மீண்டும் தார் பூச நாள் குறிக்குமாறு கேட்கின்றனர். அவர்தம் சினம் நமக்கும் உண்டு. ஆயினும் சினம் வேறு, போர்த்திட்டம் வேறு. கைக்கு எட்டிய இடத்தில் அடிப்பது ஒன்று. அடித்தால் பகை சாயும் இடத்தில் அடிப்பது மற்றொன்று. இவ் வேறுபாட்டை, அம் மடல்கள் எழுதப்பட்ட அதே மண்ணில் நிகழ்ந்த ஒரு போரைக்கொண்டே விளக்க விரும்புகின்றோம். நம் போர் மொழிப்போர். அறவழியில், சட்டத்திற்குட்பட்டு நடப்பது. எனினும் படைநூலார் கண்ட உண்மைகள் அறப்போர்க்கும் பொருந்துவனவே.

மேலைப் படைநூலார் இதனை ‘ஈர்ப்பு நடுவம்’ என்பர். பள்ளிச் சிறுவன் ஓர் அளவுகோலைச் சுட்டுவிரல் நுனியில் நிறுத்திப் பார்க்கின்றான். ஏதோ ஓரிடத்தில் மட்டும் கோல் முழுவதும் அவ் விரலுக்கு அடங்கி நிற்கின்றது. அவ்விடத்தைத் தவிர வேறெங்குத் தாங்கினும் சரிந்து விழுகின்றது. ஒரு படைக்கும் ஓர் அரசுக்கும் இத்தகைய இடம் ஒன்று உண்டென்று எழுதியவர் புருசிய நாட்டுப் படையறிஞர் கிளாசுவிட்சு. அவர் 1831-இல் மறைந்தபின், 1832 முதல் வெளிவந்த ‘போர் பற்றி’ என்னும் நூலில், எல்லாப் பகைவர்க்கும் ஒரே நடுவம் இல்லை என்பதை அவர் தெளிவாக்கினார். சிலர்க்கு அது களத்திலுள்ள படை. உட்பூசல் மலிந்த நாட்டிற்குத் தலைநகர். பெரியவனைச் சார்ந்து நிற்கும் சிற்றரசுக்கு அப் பெரியவன் அனுப்பும் துணைப்படை. பலர் கூடிய கூட்டணிக்கு, அவர்களைக் கூட்டிவைத்த பொதுநலம். மக்கள் எழுச்சிக்குத் தலைவரும் மக்கள் கருத்தும். ஆகவே பகைவனைப் பார்த்தவுடன் வாளை உருவாமல், இவனை ஒன்றாக இணைத்துக் கட்டிவைத்திருப்பது எது என்று முதலில் உசாவுக என்பதே அவர் சொன்னதன் சாறம்.

நம்மவர் இதனை அறியாதவரல்லர். ‘உயிர்நிலை’ என்னும் நம் சொல்லே இக் கருத்தை மேலைச்சொல்லினும் நன்கு விளக்கும். கழகக்காலத்து வேந்தர், பகைவரின் ஊரை வளைப்பதோடு அமையாது அவர்தம் காவல்மரத்தை வெட்டியதன் கரணியம் யாது? இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலிடைப் பகைவரின் கடம்பை வெட்டினான். செங்குட்டுவன் பழையனின் வேம்பை வெட்டினான். ஒரு மரம் வீழ்ந்ததனால் பகைவனின் படையில் ஓர் ஆள்கூடக் குறைந்திருக்கமாட்டான். ஆனால் அம் மரத்தைச் சுற்றியே அக்குடியின் ஒருமைப்பாடு நின்றது. அது சாய, மறவர்தம் உளம் சாய்ந்தது. வள்ளுவப் பெருந்தகை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்ததும் இந் நோக்கிலேயே என்பது எம் கருத்து.

கிளாசுவிட்சு பிறந்த ஆண்டு 1780. அவர் கைக்குழந்தையாய்க் கிடந்த அவ்வாண்டிலேயே, அவர் பின்னாளில் எழுதப்போகும் பாடத்தை ஐதர் அலி நம் கும்மிடிப்பூண்டிக்கும் காஞ்சிக்கும் இடையே நடத்திக் காட்டினார்.

அவ்வாண்டு சூலைத் திங்களில் ஐதரின் பெரும்படை செங்கம் கணவாய் வழியாகத் தமிழ்நிலத்தில் இறங்கியது. எண்பதினாயிரத்தினும் மிக்கதென ஆங்கிலேயர் அதனை மதிப்பிட்டனர். அவருடைய குதிரைப்படையினர் பரங்கிமலை வரை வந்து ஊர்களை எரித்தனர். (அவ்வெரிப்பால் ஆங்கிலேயன் சாயவில்லை, நம் உழவனே சாய்ந்தான். இதனைப் பின்னர் நினைவிற்கொள்க.) சென்னையிலிருந்த ஆங்கிலப் படைக்குத் தலைவன் எக்டர் மன்றோ. மற்றொரு படை குண்டூர்ப் பக்கத்தில் பெய்லி என்பானின் தலைமையில் இருந்தது. ஏறத்தாழ 2,800 பேர். இவ்விரு படையும் ஒன்றுசேர்ந்தால் ஐதரை எதிர்க்கலாம் என்பது கும்பினியாரின் கணிப்பு. சேருமிடம் எது? சென்னையன்று, காஞ்சி என்று முடிவுசெய்தான் மன்றோ. அம் முடிவே அவர்களுக்குக் கூற்றாயிற்று.

ஆகத்து 24-ஆம் நாள் பெய்லி கும்மிடிப்பூண்டி வந்துசேர்ந்தான். அங்கிருந்து சென்னை இரண்டு நாள் நடையே. ஆனால் காஞ்சிக்குச் செல்லுமாறு ஆணை வந்தது. மறுநாள் கொற்றலையாற்றின் வடகரையை அடைந்தான். ஆறு வறண்டு கிடந்தது. உடனே கடந்திருக்கலாம், ஆனால் அவன் வடகரையிலேயே பாடியிறங்கினான். அன்றிரவே வெள்ளம் வந்தது. செப்டம்பர் 3-ஆம் நாள்வரை அவனால் ஆற்றைக் கடக்க இயலவில்லை. (கொற்றலை என்பதே இவ்வாற்றின் நற்றமிழ்ப்பெயர். ஆங்கிலேயன் தன் ஏடுகளில் ‘கோர்த்தலையார்’ என்று ஏறக்குறையச் சரியாகவே எழுதினான். நம்மவரோ ‘கொசசுத்தலை’ என்று வடமொழிச் சாயம் ஏற்றிப் பலகை நாட்டியுள்ளனர். வேற்றவன் காத்த பெயரை நாம் தொலைத்த கதைகளுள் இதுவும் ஒன்று.)

இவ் வொன்பது நாள்களில் ஐதர் என்செய்தார் என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. அப்போது அவர் ஆர்க்காட்டுக் கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். மன்றோ காஞ்சிக்குப் புறப்பட்ட செய்தி கிடைத்ததும், பாதி முடிந்த அம் முற்றுகையை அப்படியே கைவிட்டுக் காஞ்சியை நோக்கித் திரும்பினார். கையிலிருந்த கோட்டையை ஏன் விட்டார்? ஆங்கிலேயரின் வலிமை அன்று ஆர்க்காட்டு மதிலிலும் இல்லை. மன்றோவின் படையிலோ பெய்லியின் படையிலோ தனித்தனியாகவும் இல்லை. அவ்விரண்டும் கூடவிருந்த கூட்டத்தில் இருந்தது. அக் கூட்டம் நிகழாவிட்டால் இரண்டும் வெறும் துண்டுகள். இதனை ஐதர் கண்டார். ஆகவே மகன் திப்புவை ஒரு படைப்பிரிவோடு பெய்லியை மறிக்க அனுப்பிவிட்டுத் தம் பெரும்படையை மன்றோவின் கண்முன் நிறுத்தி, அவன் நகராதபடி பார்த்துக்கொண்டார்.

செப்டம்பர் 6-இல், இற்றைத் திருவள்ளூர் மாவட்டத்துப் பேரம்பாக்கத்தில் திப்பு பெய்லியை மறித்தார். போர் வெற்றிதோல்வியின்றி முடிந்தது. ஆனால் பெய்லியால் மேற்செல்ல முடியவில்லை. மன்றோவிற்கு ஆள் விடுத்தான். பதினான்கு கல் தொலைவிலிருந்த மன்றோ தான் போகாமல், பிளெச்சர் என்பானோடு ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினான். காஞ்சியில் சேர்த்துவைத்த உணவுப்பொருளைக் காக்கவேண்டுமென்பது அவன் கவலை! அவன் உணவுமூட்டையைக் காத்தான். ஐதர் தம் குறியைக் காத்தார். பிளெச்சர் தனக்கு வழிகாட்டியோர்மேல் ஐயங்கொண்டு வேறுவழியே சென்று 9-ஆம் நாள் பெய்லியோடு சேர்ந்துவிட்டான். அன்றிரவே ஐதர் தம் முழுப்படையையும் மன்றோவின் முன்னிருந்து பெயர்த்துப் புள்ளலூர்ப் பக்கம் கொண்டுசென்றார். இரவில் புறப்பட்ட பெய்லி நடுவழியில் விடியும்வரை தங்கிவிட்டான். 10-ஆம் நாள் காலையில் நாற்புறமும் சூழப்பட்டான். அவனுடைய வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டினம் சென்று, 1782-இல் அங்கேயே மாண்டான். மறுநாள் மன்றோ தன் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினான். அக்காலம்வரை இந்நிலத்தில் ஆங்கிலேயர் கண்ட தோல்விகளுள் இதனினும் பெரிது இல்லை.

மாண்டோருள் பெரும்பாலோர் யாவர்? கும்பினியின் கூலிக்குச் சேர்ந்த நம் நாட்டு ஏழைப் படையாள்களே. இதனையும் நினைவிற்கொள்க.

இங்கே கதை முடிந்திருந்தால் ஐதரை முழுமையாகப் போற்றிவிட்டு எழுதுகோலைக் கீழே வைத்திருப்போம். வரலாறு அவ்வாறு முடியவில்லை. சென்னை நடுங்கிக்கொண்டிருந்த அவ்வேளையில் ஐதர் மீண்டும் ஆர்க்காட்டிற்கே திரும்பினார். நவம்பர் தொடக்கத்தில் ஆர்க்காடு அவர் கைக்கு வந்தது. ஆனால் அதே நவம்பரில் ஐர் கூட் என்னும் முதுபடைத்தலைவன் வங்கத்திலிருந்து படையும் பணமும் கப்பலேற்றிக்கொண்டு சென்னையில் இறங்கினான். 1781 சூலை முதல்நாள் பரங்கிப்பேட்டையில் ஐதர் தோற்றார். ஆகத்தில் திருப்பாசூர்க் கோட்டை கூட்டின் கைக்குப் போயிற்று. அதே திங்களில் புள்ளலூரிலேயே மறுபோர் நிகழ்ந்தது. செப்டம்பரில் சோளிங்கரிலும் ஐதர் பின்வாங்கினார்.

ஒரு களத்தில் ஆங்கிலேயரின் உயிர்நிலை இரு படைகளின் கூட்டத்தில் இருந்தது உண்மையே. ஆனால் நெடும்போரில் அவர்தம் உயிர்நிலை கடல். தரையில் எத்துணைப் படையை அழித்தாலும் கல்கத்தாவிலிருந்து இன்னொரு படை கப்பலில் வரும். கடலை அடைக்கவல்ல பிரெஞ்சுக் கப்பற்படை 1781 தொடக்கத்தில் நம் கரைக்கு வந்தது. கூட் அப்போது கடலூரில் உணவின்றித் தவித்துக்கொண்டிருந்தான். பிரெஞ்சுத் தலைவன் சில கிழமைகளிலேயே கப்பல்களைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். சப்ரேன் என்னும் திறமிக்க கடற்றலைவன் 1782-இல் வந்தபோது காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டு திசம்பரில் சித்தூர்ப் பக்கத்துப் பாசறையில் ஐதர் மறைந்தார். எத்தனை பெய்லிகளை வென்றாலும் தம்மால் கடலை வற்றச்செய்ய இயலாதென்று இறுதிக்காலத்தில் அவர் கூறியதாக ஆங்கில வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியுள்ளார். ஐதர் அறியாமல் தோற்றவரல்லர். அறிந்தும் கை எட்டாமல் தோற்றவர்.

புள்ளலூர் என்னும் பெயர் பல்லவர் வரலாற்றிலும் உண்டு. சாளுக்கியப் புலிகேசி படையெடுத்து வந்தபோது மகேந்திரவர்மன் பகைவரைப் புள்ளலூரில் வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறும். அதுவும் இவ்வூரே என்பர் அறிஞர். அவ் வெற்றியால் பகை ஒழியவில்லை. புலிகேசி மீண்டும் வந்தான். மகன் நரசிம்மவர்மன் மணிமங்கலம் முதலிய களங்களில் அவனைத் தடுத்ததோடு நில்லாமல், 642-ஐ ஒட்டி வாதாபிக்கே படை நடத்தி அந்நகரைக் கைக்கொண்டான். அதன்பின் பதின்மூன்று ஆண்டுக்காலம் சாளுக்கியர் தலையெடுக்க இயலவில்லை. தந்தை தன் வீட்டு வாயிலில் அடித்தான். மகன் பகைவனின் உயிர்நிலையில் அடித்தான்.

தக்கோலம் இதற்கு மறுதலை. 949-இல் இராட்டிரகூட மூன்றாம் கிருட்டிணனும் அவன் மைத்துனன் கங்கப் பூதுகனும் அங்கே சோழப்படையை எதிர்த்தனர். யானைமேலிருந்த சோழ இளவரசன் இராசாதித்தனே அப் படையின் உயிர்நிலை. பூதுகன் அவனைக் கொன்றான், படை சிதறியது. நம் திருவாலங்காட்டில் 1905-இல் கிடைத்த இராசேந்திரன் செப்பேடு அம் மறவன் யானைமேல் மாண்டதைப் பெருமையோடு குறிக்கும். கருநாடகத்து ஆத்தகூர்க் கல்வெட்டும் இக்கொலையைக் கூறும். அக்கல் நாட்டப்பட்டதோ, பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் வேட்டைநாய்க்கு! கிருட்டிணன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்று பட்டம் சூடித் தொண்டைநாட்டை ஆண்டான். ஆனால் விளைவு என்ன? 967-இல் அவன் இறந்தான். 972-இல் பரமார மன்னன் அவர்தம் தலைநகர் மானியகேடத்தைச் சூறையாடினான். மறு ஆண்டே இராட்டிரகூடர் ஆட்சி முடிந்தது. தோற்ற சோழரோ 985-இல் முதலாம் இராசராசனைக் கண்டனர். படையின் உயிர்நிலை யானைமேல் இருந்தது. சோழநாட்டின் உயிர்நிலை காவிரிக் கால்வாயிலும் ஊரவையிலும் நாட்டவையிலும் இருந்தது. கிருட்டிணன் முன்னதை அடித்தான். பின்னது அவன் கைக்கு எட்டவேயில்லை.

இனி நம் செய்திக்கு வருவோம்.

1965-இல் மாணவர் கிளர்ச்சி எவ்விடத்தில் பட்டதனால் தில்லி அசைந்தது? அழிக்கப்பட்ட பலகைகளாலன்று, பலகைகளை மறுவாரமே மீண்டும் எழுதிவிட்டார்கள். நடுவணரசு அன்று நின்றது பேராயக் கட்சி ஒவ்வொரு மாநிலத்திலும் பெற்றிருந்த மக்கள் சார்பின்மேல். அச்சார்பு தமிழகத்தில் ஆட்டங்கண்டது. பிப்பிரவரி 11-இல் நடுவண் அமைச்சர் சி. சுப்பிரமணியமும், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தவரான ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் மடல் கொடுத்தனர். அன்றிரவே தலைமையமைச்சர் சாத்திரி வானொலியில் உறுதிமொழி கூறினார். 1967 தேர்தலில் தமிழகம் தன் தீர்ப்பைச் சொன்னது. அதன் பயனாகவே ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு ஆங்கிலம் நீடித்தது. 1976-இல் வந்த ஆட்சிமொழி விதிகள் ‘தமிழ்நாடு நீங்கலாக’ இந்தியா முழுமைக்கும் என்று எழுதப்பட்டன. அவ்வொரு தொடர்க்காக உயிர்விட்டோர் நம் இளைஞர்.

ஆனால் அதே 1976-இல் நாற்பத்திரண்டாம் திருத்தத்தின்வழிக் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போயிற்று. அன்று தெருவில் எத்தனை பேர் நின்றனர்? அதன் விளைவை இன்று காண்கின்றோம். மும்மொழித் திட்டம் அடங்கிய கல்விக்கொள்கையை ஏற்காமையால், 2024-25-ஆம் ஆண்டிற்குரிய பள்ளிக்கல்விப் பங்குத்தொகை 2,152 கோடி உருபாவை நடுவணரசு நிறுத்திவைத்ததெனத் தமிழக அரசு 2025-இல் முறையிட்டது. இந்தியின் கடல் இதுவே: தில்லியின் பணப்பெட்டியும் பொதுப்பட்டியலும். பலகையிலுள்ள நான்கு எழுத்து, அக்கடலில் மிதந்து வரும் ஒரு கட்டை.

கும்மிடிப்பூண்டியில் இரும்புருக்கும் ஆலையிலும் உருட்டாலையிலும் வேகும் பீகாரி, ஒடியா ஏழைகள் யாவர்? அவர்கள் பெய்லியின் கூலியாள்கள். அவர்களுள் பலர்க்கு இந்தியே தாய்மொழியன்று; போசுபுரியும் மைதிலியும் ஒடியாவும் பேசுவோர். தம் வீட்டுமொழியை ஏற்கெனவே இந்திக்கு இழந்து நிற்போரும் அவருள் உளர். அவர்களை அடிப்பது, ஐதரின் குதிரைவீரர் நம் உழவனின் குடிசையை எரித்ததற்கு ஒப்பானது. அதனால் தில்லிக்கு ஒரு துரும்பும் அசையாது. நம் இயக்கத்தின் நன்மதிப்பே எரியும். அவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒப்பந்தக் கூலிமுறை. அம்முறை அவரையும் நசுக்குகின்றது; அருகூர்த் தமிழிளைஞனையும் வாயிலிலேயே திருப்பி அனுப்புகின்றது.

அப்படியாயின் இப்பகுதியில் மொழி வல்லாண்மையின் உயிர்நிலை யாது? தமிழ் சோறு போடாது என்னும் எண்ணம், நம் வீடுகளுக்குள்ளேயே குடியேறிவிட்டது. அவ்வெண்ணமும் வேலைவாயிலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பெய்லியும் மன்றோவும் போல. தமிழ்வழிப் படித்தவனுக்கு ஆலையில் இடமில்லையென்று பெற்றோர் கருதுகின்றனர். ஆகவே பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். தமிழ்வழி படித்தவர் குறையக் குறைய, ஆலையார் தமிழில் ஒரு தாளும் அச்சிடவேண்டிய தேவை இல்லாதவராகின்றனர். இவ்விரண்டும் கூடுமிடத்தில்தான் நாம் நுழையவேண்டும். அரசுப் பணியில் தமிழ்வழிக் கற்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தந்த 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இக்கட்டில் விழுந்த முதல் வெட்டு. அவ்வெட்டு தொழிற்பேட்டை மதிலோடு நின்றுவிட்டது.

அம் மதில் நம்மால் எட்டமுடியாததன்று. தொழிற்பேட்டை நிலம் சிப்காட் நிறுவனத்தினுடையது. சிப்காட் தமிழக அரசினுடையது. நிலத்தை ஆலையார் குத்தகைக்கே பெறுகின்றனர். குத்தகை முறியில் நிலத்திற்கும் நீர்க்கும் விதி எழுதும் அரசு, மொழிக்கும் ஒரு விதி எழுதுவதற்குத் தில்லியின் இசைவு வேண்டியதில்லை. பணியமர்த்தும் ஆணை, கூலிச்சீட்டு, தீங்குகாப்பு அறிவிப்பு, பயிற்சியேடு ஆகியவை தமிழில் இருத்தல்வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்க்கு அவரவர் தாய்மொழியிலும் தருக. உலைக்களத்தில் தீங்குகாப்புப் பலகையைப் படிக்க முடியாமல் ஒருவன் கையிழந்தால், அவன் தமிழனாயினும் ஒடியனாயினும் அது மொழிக்கொடுமையே. இக் கோரிக்கையில் அத்தொழிலாளர் நமக்குப் பகையாகார்; துணையாவர்.

இப் பகுதியிலேயே இதற்கொரு முன்னோடி உண்டு. திருத்தணிப் பக்கத்துத் தமிழூர்கள் ஆந்திரத்தோடு போய்விடும் நிலையிலிருந்தபோது மேடைகளில் முழங்கியோர் பலர். ஆனால் மங்கலங்கிழார் அறநெறித் தமிழ்ச் சங்கத்தின்வழி ஊர் ஊராகத் தமிழ் கற்பித்தார். தெலுங்குப்பள்ளி மட்டுமே இருந்த இடத்தில் தமிழெழுத்து அறிந்த மக்களை உண்டாக்கினார். எல்லைப்போர்க்கு ம. பொ. சி. தலைமை தாங்கினார், ஆனால் தமிழரென்று சொல்லி நிற்க எல்லையூர்களில் ஆள் இருந்தமைக்கு மங்கலங்கிழார் ஒரு பெருங்கரணியம். 1960 ஏப்பிரல் முதல்நாள் திருத்தணி நம்மோடு சேர்ந்தது.

ஆதலின் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலுள்ள அன்பர்கட்கு இத் திங்கள் நாம் இடும் பணி இது. தார்ச்சட்டியை ஒருபுறம் வையுங்கள். நீங்களோ உங்கள் உறவினரோ வேலைசெய்யும் ஆலையில் பணியாணை எம்மொழியில் உள்ளது, கூலிச்சீட்டு எம்மொழியில் உள்ளது, தீங்குகாப்புப் பலகை எத்தனை மொழியில் உள்ளது, ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர் என்பவற்றைக் கண்டு அஞ்சலட்டையில் எழுதி விடுங்கள். ஆளின் பெயர் வேண்டா. ஊரும் தொழில்வகையும் போதும். வெளிமாநிலத் தொழிலாளரோடும் பேசி, அவர்க்குப் புரியும் மொழியில் ஏதேனும் தரப்படுகின்றதா என்று கேட்டெழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிட்டு, குத்தகை முறியில் சேர்க்கவேண்டிய மொழிவிதியின் வரைவோடு தொழில்துறை அமைச்சர்க்கும் இம் மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்கட்கும் விடுக்க எண்ணியுள்ளோம். கையெழுத்துத் தாள்கள் அவ்விதழோடு இணைத்து அனுப்பப்பெறும்.